மூலையில் வைத்த ஸ்பீக்கர்கள்

அன்புள்ள ஐயா,

15 அடி நீளம், 10 அடி அகலமுள்ள அறையில் ஸ்டீரியோ வைத்திருக்கிறேன். முன்சுவரின் இரு மூலைகளிலும் அலமாரிமேல் ஸ்பீக்கர்கள். எதிர்ச்சுவரை ஒட்டி சோபா. பேஸில், அதாவது தாழ்ந்த ஒலிகளில், சில சுரங்கள் மட்டும் கும்மென்று வீங்குகின்றன. பாடுபவரின் குரல் நடுவில் நிற்காமல் சிதறுகிறது. ஆம்ப்ளிஃபையரை மாற்றினால் சரியாகுமா?

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

ஆகாது. அந்தப் பணம் உங்களிடமே இருக்கட்டும்.

‘சில சுரங்கள் மட்டும்’ என்று எழுதியிருக்கிறீர்களே, விடை அதிலேயே இருக்கிறது. ஆம்ப்ளிஃபையர் அப்படிச் சுரம் பார்த்து வீங்க வைக்காது, அறை வைக்கும். ஒலி விநாடிக்குச் சுமார் 1,125 அடி போகிறது. அந்தக் கணக்கில் உங்கள் 15 அடி நீளம் 37.5 ஹெர்ட்ஸிலும் (விநாடிக்கு அத்தனை அதிர்வுகள்) 75 ஹெர்ட்ஸிலும் தானும் சேர்ந்து அதிரும். பேஸ் கிடாரின் டி தந்தி 73 ஹெர்ட்ஸ். அதைத் தொட்டதும் அறை முழங்குகிறது. இந்த அதிர்வு உச்சமாக இருப்பது சுவரோரத்தில்தான். நீங்கள் ஸ்பீக்கரை ஒரு சுவரிலும் காதை எதிர்ச்சுவரிலும் வைத்திருக்கிறீர்கள்.

முதலில் சோபாவை இழுங்கள். காது பின்சுவரிலிருந்து ஐந்தே முக்கால் அடி தள்ளி வரட்டும். ஸ்பீக்கர்களை ஸ்டாண்டில் ஏற்றி, முன்சுவரிலிருந்து 3 அடி, பக்கச் சுவரிலிருந்து 2 அடி விட்டு வையுங்கள். இரண்டுக்கும் இடையே 6 அடி, காதுக்கு ஏறக்குறைய 7 அடி வரும். இரு ஸ்பீக்கரும் காதும் சேர்ந்த சமபக்க முக்கோணம்தான் விதி என்பார்கள். இந்த அறையில் அதை அப்படியே பின்பற்றினால் காது கிட்டத்தட்ட அறையின் நடுவுக்குப் போய்விடும், அங்கே 37.5 ஹெர்ட்ஸ் வற்றிப்போகும். ஓர் அடி பின்னால் உட்காருவதே மேல்.

முன்சுவர், பக்கச்சுவர் இரண்டுக்கும் ஒரே தூரம் விடாததற்கும் காரணம் உண்டு. சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி, நேராக வரும் ஒலியை ஏதாவதொரு ஹெர்ட்ஸில் அழிக்கும். இந்த அமைப்பில் முன்சுவரால் 100 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு பள்ளம், பக்கச்சுவரால் 230 பக்கம் இன்னொன்று. இரண்டும் ஒன்றாகச் சேராமல் தனித்தனியாக இருந்தால் காது பொறுத்துக்கொள்ளும்.

குரல் சிதறுவதற்கு முதலில் வயரைச் சந்தேகியுங்கள். ஒரு ஸ்பீக்கரில் மட்டும் பிளஸ், மைனஸ் மாறியிருந்தால் குரல் இப்படித்தான் கலையும், பேஸும் மெலியும். ஆம்ப்ளிஃபையரை அணைத்துவிட்டு ஒரு பக்க வயரை மட்டும் மாற்றிச் சொருகி, மோனோவில் (இரு ஸ்பீக்கரிலும் ஒரே ஒலி) கேளுங்கள். எதில் பேஸ் கனக்கிறதோ அதுவே சரி.

அடுத்து கண்ணாடி. நீங்கள் சோபாவில் உட்கார, இன்னொருவர் பக்கச்சுவரில் கண்ணாடியை நகர்த்தட்டும். ஸ்பீக்கர் எங்கே தெரிகிறதோ அங்கேதான் ஒலி சுவரில் பட்டு உங்கள் காதுக்குத் திரும்புகிறது; அங்கே புத்தக அலமாரியோ கனத்த திரையோ வேண்டும். ட்வீட்டர் (உச்ச ஒலிகளைத் தரும் ஸ்பீக்கரின் சிறிய பகுதி) காது உயரத்தில் இருக்கட்டும். இரு ஸ்பீக்கரும் உங்கள் தலைக்குச் சற்றுப் பின்னால் சந்திப்பதுபோல் உள்ளே திருப்பி, பிறகு விரற்கடை விரற்கடையாகச் சரிசெய்யுங்கள்.

பிறகும் 75 ஹெர்ட்ஸ் முழங்கினால் சோபாவை அரையடி முன்னும் பின்னும் நகர்த்திப் பாருங்கள். ஓரங்குல ஃபோம் வாங்கி ஒட்டிவிடாதீர்கள்; அது உச்ச ஒலிகளைத் தின்னும், பேஸைத் தொடவே தொடாது.