பிலிப்பைன்ஸின் புலுல், அந்திங்-அந்திங் இரண்டுக்கும் என்ன வேறுபாடு?

புலுல் என்பது லூசோன் தீவின் வடக்கு மலைகளில் வாழும் இஃபுகாவ் மக்கள் நெற்களஞ்சியத்தில் வைக்கும் மரச்சிலை. மும்பாக்கி என்ற பூசகர் பன்றி இரத்தம் பூசி, அரிசி மது படைத்துச் சடங்கு செய்தபின்தான் நெல்லைக் காக்கும் ஆவி அதில் குடியேறும் என்பது நம்பிக்கை. படிக்கட்டு வயல்களில் ஆண்டுக்கு ஒரே அறுவடையை நம்பியவர்களுக்குக் களஞ்சியமே உயிர்; அதனால் இந்தக் காவல் வீட்டார் அனைவருக்கும் பொது.

அந்திங்-அந்திங் தனி ஒருவரின் உடலைக் காக்கும் தாயத்து. பெரும்பாலும் பித்தளைப் பதக்கம், மேலே லத்தீன் சாயலில் மந்திர எழுத்துகள். பழைய நம்பிக்கையோடு கத்தோலிக்கம் இழைந்த விதம் வியக்க வைக்கிறது: கைப்பேசிக்கு மின்னேற்றுவதுபோல், புனித வெள்ளியன்று அதன் ஆற்றலைப் புதுப்பிக்கிறார்கள்.

இஃபுகாவ் மக்கள் மரத்தையே வணங்குவதாகப் பலர் நினைக்கிறார்கள்; சடங்கு நடக்காமல் சுற்றுலாப் பயணிகளுக்கு விற்கப்படும் புலுல் அவர்களுக்கு வெறும் மரச்செதுக்கல்தான்.