இருபது வரை சொல்கிறாள், ஐந்து வாத்தை எண்ண வரவில்லை

கேள்வி: என் மகளுக்கு நான்கு வயது. ஒன்று முதல் இருபது வரை மூச்சுவிடாமல் சொல்கிறாள். ஆனால் படப் புத்தகத்தில் உள்ள ஐந்து வாத்துகளை எண்ணச் சொன்னால் ஏழு என்கிறாள், மறுபடி கேட்டால் நான்கு என்கிறாள். எண்களுக்கென்றே உள்ள படப் புத்தகங்கள் வாங்கிக் கொடுத்தேன். இரண்டு பக்கத்தில் மூடிவிட்டு, "கதை சொல்லும்மா" என்கிறாள். எப்படித்தான் சொல்லிக்கொடுப்பது?
– ஒரு வாசகி

பதில்: கவலைப்படாதீர்கள், அந்த வயதுக்கு இது சகஜம்தான். இருபது வரை சொல்வது பாட்டு ஒப்பிப்பது மாதிரி; எண்ணுவது வேறு வேலை. எண்களை வரிசை மாறாமல் சொல்ல வேண்டும், ஒரு பொருளுக்கு ஒரே ஓர் எண் தர வேண்டும், கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்பதும் புரிய வேண்டும். கெல்மன், காலிஸ்டெல் என்ற உளவியலாளர்கள் 1978-லேயே இதையெல்லாம் பிரித்துக் காட்டிவிட்டார்கள்.

வரிசை உங்கள் மகளுக்கு வந்துவிட்டது. அடுத்ததில்தான் தடுமாறுகிறாள். விரலைவிட வாய் வேகமாக ஓடினால் ஏழு, விரல் ஒன்றைத் தாண்டிப் போனால் நான்கு. மூன்றாவது இன்னும் கடினம். ஐந்து வரை சரியாக எண்ணி முடித்த பிள்ளையிடம் "சரி, எத்தனை வாத்து?" என்று கேட்டுப் பாருங்கள். பல பிள்ளைகள் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிப்பார்கள். 'எத்தனை' என்றாலே எண்ணச் சொல்கிறார்கள் என்றுதான் அவர்களுக்குத் தோன்றும்.

அதனால் நீங்கள் கேட்பதை நிறுத்திவிட்டுச் சொல்ல ஆரம்பியுங்கள். மொத்தத்தை முதலில் சொல்லிவிட்டு, உடனே எண்ணிக் காட்டுங்கள்: "அட, மூன்று வாத்து! ஒன்று, இரண்டு, மூன்று." மூன்றரை வயதுப் பிள்ளைகளிடம் படப் புத்தகங்களை வைத்தே செய்து, 2012-ல் வெளியான ஓர் ஆய்வில், எண்ணிக் காட்டுவது மட்டுமோ மொத்தத்தைச் சொல்வது மட்டுமோ பலன் தரவில்லை, இரண்டையும் சேர்த்துச் செய்ததுதான் உதவியது. மூன்றில் ஆரம்பிக்கச் சொல்வதற்கும் காரணம் உண்டு. மூன்று பொருள் வரை எண்ணாமலே பார்த்த மாத்திரத்தில் பிடிபடும். சொல்லும் எண்ணும் கண்ணில் படுவதும் ஒன்றாகச் சேர அது வசதி.

எண்களுக்கென்றே வரும் புத்தகங்களில் பலவற்றின் மீது எனக்கு அவ்வளவு மரியாதை இல்லை. பன்னிரண்டு பட்டாம்பூச்சியைப் பக்கம் முழுக்க இறைத்து, பாதியைப் பூவுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருப்பார்கள். நமக்கே தப்பும். மகள் கேட்கும் கதைப் புத்தகத்தையே எடுங்கள். ஒரு பக்கத்தில் ஐந்து நாய்க்குட்டிகள் தூங்கப் போகின்றன, நான்கு போர்வைதான் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். "எல்லாருக்கும் போர்வை கிடைக்குமா?" என்று மட்டும் கேளுங்கள். ஓர் எண்கூட வேண்டாம். விரல் இந்தக் குட்டியிலிருந்து இந்தப் போர்வைக்கு, அந்தக் குட்டியிலிருந்து அந்தப் போர்வைக்கு என்று போகும். கடைசிக் குட்டி மிஞ்சும்போது "ஐயோ, இவனுக்கு இல்லையே!" என்று அவளே சொல்வாள். ஒன்றுக்கு ஒன்று என்பது அங்கேதான் பழகுகிறது. யார் உயரம், யார் கட்டிலுக்கு அடியில், அடுத்து யார் வருவார் என்ற பேச்சும் கணக்குதான்.

முதல் தடவை கதையை மட்டும் படியுங்கள். எப்படியும் அதையே திரும்பத் திரும்பப் படிக்கச் சொல்வாள். அப்போது ஓரிரு இடத்தில் நின்றால் போதும். அவள் பக்கத்தைத் திருப்பினால் விட்டுவிடுங்கள். தப்பாக எண்ணினால் "தப்பு" என்று சொல்ல வேண்டாம். அவள் விரலைப் பிடித்து மெதுவாகச் சேர்ந்து எண்ணுங்கள். எப்போதாவது நீங்களே வேண்டுமென்று ஒரு வாத்தை விட்டுவிடுங்கள். அம்மாவைத் திருத்துவதைவிட அந்த வயதில் பெரிய சந்தோஷம் ஏது?

எவ்வளவு புரிந்திருக்கிறது என்று பார்க்க ஆசையாக இருந்தால், புத்தகத்தை மூடிவிட்டு, "பொம்மைக்கு மூன்று கட்டை எடுத்துக் கொடு" என்று சொல்லுங்கள். கை நிறைய அள்ளிக் கொடுத்தால் இரண்டிலும் மூன்றிலும் இன்னும் கொஞ்ச நாள் இருங்கள். கேட்டதை எடுத்ததும் கை தானாக நின்றால் நான்குக்குப் போகலாம். எண்களை எழுதிப் பழகும் பயிற்சிப் புத்தகமும் வாங்கியிருந்தால், அது இப்போதைக்கு அலமாரியிலேயே இருக்கட்டும்.