சிங்கமுக மனை

அன்புள்ள ஐயா,

டோக்கியோவின் குட்டி வீடுகளைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். பாகப்பிரிவினையில் எங்களுக்கு ஒரு மனை வந்திருக்கிறது. தெருப்பக்கம் 19 அடி, பின்னால் போகப் போகக் குறுகி 11 அடி. நீளம் 42. சிங்கமுக மனை, குடியிருக்க ஆகாது, விற்றுவிடு என்கிறார்கள் உறவினர்கள். இன்ஜினியர் போட்ட பிளானில் அறைகள் ரயில்பெட்டி மாதிரி நிற்கின்றன. நீங்கள் எழுதிய வீடுகளில் நிஜமாகவே யாராவது குடியிருந்தார்களா, இல்லை படம் பிடிக்க மட்டும்தானா?

எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்.,

குடியிருந்தார்கள். தக்கமித்ஸு அஸுமா என்ற கட்டடக் கலைஞர் 1966இல் டோக்கியோவில் தனக்கென்று கட்டிய வீட்டில் மனைவி, மகளோடு வாழ்ந்தார். மனை சுமார் 220 சதுர அடி; நம் கிரவுண்டில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. நிலவறையோடு சேர்த்து ஆறு தளம். வாசலைத் தவிர உள்ளே கதவே கிடையாது, குளியலறைக்கும் சேர்த்துத்தான். படியேறி வந்தால்தான் அடுத்த தளம் கண்ணில் படும், அதுதான் மறைவு. மாமியார் வந்து தங்கினால் என்ன செய்வார்கள் என்று எனக்கும் தோன்றியது. அங்கே வளர்ந்த மகளும் கட்டடக் கலைஞராகத்தான் ஆனார்.

உங்களுக்கு இன்னும் பக்கத்தில் வருவது, ஜப்பானின் ஒசாகா நகரில், சுமியோஷி பகுதியில் 1976இல் தடாவோ ஆண்டோ என்ற இன்னொரு கட்டடக் கலைஞர் கட்டிய வீடு. மனை சுமார் 615 சதுர அடி. உங்களுடையது 630. இருபுறமும் ஒட்டினாற்போல் வீடுகள், தெருவைப் பார்த்து ஒரு ஜன்னல்கூட இல்லாத கான்கிரீட் சுவர். வீட்டை மூன்றாகப் பிரித்து நடுப்பங்கை வானத்துக்கு விட்டுவிட்டார். படுக்கையறைகள் மாடியில், கழிப்பறை கீழே முற்றத்துக்கு அந்தப்பக்கம். மழை என்றால் குடை பிடித்துத்தான் போகவேண்டும். நம் பழைய வீடுகளில் முற்றத்தைச் சுற்றித் தாழ்வாரம் ஓடும். அதை அவர் வைக்காதது எனக்குப் பிடிவாதமாகத்தான் படுகிறது. ஆனால் ஒருவர் கதவை விட்டார், இன்னொருவர் நனையாமல் நடப்பதை விட்டார். ஏதோ ஒன்றை விட்டதால்தான் மற்றதெல்லாம் தாராளமாக அமைந்தது.

உங்கள் பிளானில் எதுவும் விடப்படவில்லை, எல்லாம் சுருக்கப்பட்டிருக்கிறது. என் சித்தப்பா வீடு அப்படித்தான். 12 அடி அகலத்தில் ஓரமாக மூன்றடி நடை. பீரோவைத் திறக்க அறைக்கதவைச் சாத்தவேண்டும். நண்பகலிலும் டியூப்லைட் எரியும்.

நீங்கள் நடையை விடுங்கள். நடுவில் எட்டடிக்காவது முற்றம், மேலே கம்பிக் கிராதி, ஓரத்தில் நனையாமல் போக இரண்டரை அடி தாழ்வாரம். அந்த 11 அடி முனையில் யாரையும் தூங்க வைக்காதீர்கள். குளியலறை, துவைகல், மாடிப்படி எல்லாம் அங்கே போகட்டும். பக்கவாட்டில் எவ்வளவு இடம் விடவேண்டும் என்று மாநகராட்சியில் முதலில் கேட்டுவிடுங்கள், பிளான் அப்புறம்.

சரி, சிங்கமுகம். குடியிருக்க ஆகாது என்று சொல்பவர்களே அது கடைக்கு விசேஷம் என்றும் சொல்வார்கள். தெருப்பக்கம் பத்தடிக்கு ஒரு ஷட்டர் போட்டு வாடகைக்கு விட்டுவிட்டால் உறவினர்கள் வாயைத் திறக்கமாட்டார்கள்.