ஹேயின்சாவின் ஜன்னல்கள்

அன்புள்ள ஐயா,

நான் சியோலில் வேலை பார்க்கிறேன். போன மாதம் கயாசான் தேசியப் பூங்காவுக்குப் போனேன். மலையும் சிவந்த மேப்பிள் மரங்களும் அற்புதம். ஹேயின்சா கோயில்தான் ஏமாற்றம். பௌத்த மறைநூலான திரிபிடகத்தைச் செதுக்கிய மர அச்சுப் பலகைகள் இருக்கும் மண்டபத்துக்குள் விடவில்லை. ஜன்னல் வழியே எட்டித்தான் பார்த்தேன். படமும் எடுக்கக் கூடாதாம். இவ்வளவு பெரிய பொக்கிஷத்தைக் கண்ணாடிகூட இல்லாத கொட்டகையில் வைத்திருக்கிறார்களே, ஏசி போட்டு ஒரு மியூசியம் கட்டக் கூடாதா? அடுத்த வருடம் அப்பா அம்மா வருகிறார்கள். அங்கே அழைத்துப் போகலாமா, சியோராக்சான் மலையே போதுமா?

அன்புள்ள தம்பி,

படம் எடுக்க விடாததை விடுங்கள். ‘கொட்டகை’ என்று எழுதிவிட்டீர்களே, அதைத்தான் விட மனம் வரவில்லை. அந்த ஜன்னல்களைப் பற்றிக் கொஞ்ச நாளாகவே யோசித்துக்கொண்டிருந்தேன்.

நீங்கள் கேட்கிற கட்டடத்தைக் கட்டிப் பார்த்துவிட்டார்கள். 1970களில் நவீனக் கிடங்கு ஒன்று எழுப்பி, சோதனைக்குச் சில பலகைகளை வைத்தார்கள். பூஞ்சை பிடித்தது. திட்டத்தைக் கைவிட்டார்கள். 80,000க்கும் மேற்பட்ட பலகைகள் இன்றும் 15ஆம் நூற்றாண்டு மண்டபங்களில்தான் இருக்கின்றன.

ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தீர்கள், சரி. ஜன்னலைப் பார்த்தீர்களா? முன்சுவரில் கீழ் ஜன்னல் பெரியது, மேல் ஜன்னல் சிறியது. பின்சுவரில் நேர்மாறு. உள்ளே வரும் காற்று நேரே ஓடிவிட முடியாது. அடுக்குகளுக்கிடையே சுற்றி மேலேறித்தான் வெளியே போக வேண்டும். மண் தரைக்கடியில் கரி, உப்பு, சுண்ணாம்பு. மழைக்காலத்தில் ஈரத்தை வாங்கிக்கொள்ளும், வறட்சியில் திருப்பிக் கொடுக்கும். ஒவ்வொரு பலகையின் இரு முனையிலும் பலகையைவிடத் தடித்த கட்டை. நெருக்கி அடுக்கினாலும் எழுத்தோடு எழுத்து உரசாது, நடுவே காற்று போகும். இதற்கெல்லாம் ஒரு யூனிட் மின்சாரம் வேண்டாம். இதையா கொட்டகை என்கிறீர்கள்?

நான் போனது மழை விட்ட ஒரு மதியம். வெளியே கல்படி வழுக்கியது. மரச்சட்டத்துக்குப் பக்கத்தில் முகத்தை வைத்தேன். மரவாடை வந்தது, ஈரவாடை துளியும் இல்லை. அங்கிருந்து நகரவே தோன்றவில்லை. அந்த அடுக்குகளில் எங்கோ யுவான் சுவாங்கின் பயணக் குறிப்பும் இருக்கிறது, அதில் நம் காஞ்சிபுரம் வருகிறது. அச்சுக்காக இடவலம் மாற்றிச் செதுக்கிய சீன எழுத்தில், ஒரு கொரிய மலையில் காஞ்சி! 1232இல் மங்கோலியர் படையெடுப்பில் முதல் தொகுதி எரிந்துபோக, போர் ஓயாத அந்தக் காலத்திலேயே மறுபடி செதுக்கத் தொடங்கி 1251இல் முடித்தார்கள். 1951இல், கொரியப் போரின்போது, கெரில்லாக்கள் பதுங்கியிருக்கிறார்கள் என்று கோயில்மேல் குண்டு போட உத்தரவு வந்தபோது, விமானி கிம் யங்-ஹ்வான் மறுத்துவிட்டார். இத்தனையும் தாண்டி வந்த பலகைகளுக்கு நீங்கள் ஏசி கேட்கிறீர்கள்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். அவ்வளவு தூரம் போய் எட்டியாவது பார்த்தீர்களே, அதில் எனக்குச் சந்தோஷம்தான்.

அப்பா அம்மாவைக் கட்டாயம் கூட்டிப் போங்கள். பலகை மண்டபங்கள் புத்தர் சன்னதிக்கும் மேலே இருக்கின்றன, படி ஏற வேண்டும், அவசரப்படுத்தாதீர்கள். சியோராக்சானில் கேபிள் கார் உண்டு, முட்டிவலிக்காரர்களுக்கு வசதி. அங்கேயும் போய் வாருங்கள். ஆனால் நேரமில்லை, ஹேயின்சாவை விட்டுவிட்டோம் என்று மட்டும் எனக்கு எழுதாதீர்கள்.