கேரட் விளையும் ஊரில் வைட்டமின் ஏ சொட்டு எதற்கு?

கேள்வி: எங்கள் ஊர் கேத்தி. தோட்டத்திலேயே கேரட் விளைகிறது. ஒன்றரை வயது மகளுக்குத் தினமும் ஜூஸ் கொடுக்கிறேன், உள்ளங்கை மஞ்சளாகத் தெரிகிறது. வைட்டமின் ஏ சிரப்பும் வேண்டுமா? நான் இப்போது 3 மாதக் கர்ப்பிணி.

பதில்: முதலில் மகளின் கண்ணைப் பாருங்கள். வெள்ளைவிழி வெள்ளையாகவே இருந்தால் அது கேரட்டின் நிறம்தான், ஆபத்தில்லை. விழியும் மஞ்சள் என்றால் காமாலை. உடனே மருத்துவரிடம் போங்கள்.

ஜூஸை நிறுத்திவிடலாம். கேரட்டில் இருப்பது பீட்டா கரோட்டின்; உடல் வைட்டமின் ஏ-வாக மாற்றிக்கொள்ளும் நிறமி. அது உடலில் சேரக் கொழுப்பு வேண்டும். பச்சைச் சாற்றில் கொழுப்பு இல்லை. பாதி கேரட்டை வேகவைத்து மசித்து, அரை ஸ்பூன் நெய்யோ எண்ணெயோ விட்டுப் பருப்புச் சோற்றில் பிசைந்து கொடுங்கள். தோட்டத்தில் பீட்ரூட் இருந்தால் அதன் கீரையை ஆட்டுக்குப் போடாதீர்கள், பொரியலாக்குங்கள். முட்டை மஞ்சள்கருவில் இருப்பது நேரடி வைட்டமின் ஏ.

சிரப்பும் அவசியம். 9 மாதத்தில் தட்டம்மைத் தடுப்பூசியோடு 1 மி.லி. (1 லட்சம் யூனிட்), 16–18 மாதத்தில் 2 மி.லி., பிறகு 5 வயது வரை 6 மாதத்துக்கு ஒருமுறை 2 மி.லி.; மொத்தம் 9 தவணை. மகளுக்கு இப்போது இரண்டாவது தவணை. பாட்டிலோடு வரும் கோடிட்ட கரண்டியால்தான் அளக்க வேண்டும். முந்தைய தவணை பதிவாகியிருக்கிறதா என்று தடுப்பூசி அட்டையைச் செவிலியரிடம் காட்டிக் கேளுங்கள். சீக்கிரமே மறுபடி கொடுத்தால் வாந்தி, தலைவலி வரும்.

அந்த சிரப்பை நீங்கள் தொடவே கூடாது. அதிக அளவு வைட்டமின் ஏ, முதல் மாதங்களில் கருவின் உறுப்பு வளர்ச்சியைக் கெடுக்கும். வைட்டமின் ஏ மிகுந்த ஆட்டு ஈரலும் இப்போது வேண்டாம். கீரை, கேரட்டுக்குத் தடையில்லை. அந்தி சாய்ந்ததும் பார்வை மங்குவது வைட்டமின் ஏ குறைவின் அறிகுறி; அப்படி இருந்தால் மட்டும் தாமதிக்காமல் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்லுங்கள்.