தணிக்கை அதிகாரியும் பதிப்பாளரும்

வணக்கம் ஐயா,

பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பாவின் அறிவொளிக் காலச் சிந்தனையாளர்கள் மன்னராட்சிக்கு எதிரிகள் என்று படித்திருக்கிறேன். அப்படியென்றால் அவர்களில் ஒருவரான தீதரோ தொகுத்த கலைக்களஞ்சியம் பிரெஞ்சு மன்னர் பதினைந்தாம் லூயியின் பாரிஸிலேயே எப்படி அச்சானது? தணிக்கைக்காரர்கள் தூங்கிக்கொண்டிருந்தார்களா?

ஒரு கல்லூரி மாணவர்

அன்புள்ள நண்பருக்கு,

நன்றாக விழித்துக்கொண்டுதான் இருந்தார்கள். 1751இல் வந்த முதல் தொகுதியிலேயே ‘அரசியல் அதிகாரம்’ என்றொரு கட்டுரை. பிறரை ஆளும் உரிமையை இயற்கை யாருக்கும் கொடுக்கவில்லை என்று எடுத்த எடுப்பிலேயே சொல்கிறது. ஆனால் அதே கட்டுரை கடைசியில் மன்னருக்குக் கீழ்ப்படியவும் சொல்கிறது! அதனால் எல்லோரையும் மன்னராட்சிக்கு எதிரிகள் என்று ஒரே கணக்கில் சேர்க்க வேண்டாம். இன்னொரு பிரெஞ்சுச் சிந்தனையாளரான வால்டேர் பிரஷ்ய மன்னரின் அரண்மனையிலேயே தங்கியவர். தீதரோவின் நூலகத்தை விலைக்கு வாங்கியவர் ரஷ்யப் பேரரசி. குறும்புக்கும் குறைவில்லை. நரமாமிசம் தின்பவர்களைப் பற்றிய கட்டுரையின் முடிவில் ‘நற்கருணை, பலிபீடம் பார்க்க’ என்று போட்டிருக்கிறார்கள். நற்கருணை என்பது கிறிஸ்துவின் உடலாக அப்பத்தை உண்ணும் சடங்கு.

1752இல் முதல் இரண்டு தொகுதிகளுக்குத் தடை வந்தது. புத்தகத் துறையையும் தணிக்கையையும் கவனித்த அதிகாரி மல்செர்ப். தீதரோவின் மகள் தன் நினைவுக் குறிப்பில் ஒரு சம்பவம் சொல்கிறார். “நாளை உங்கள் காகிதங்களைப் பறிமுதல் செய்ய உத்தரவிடப் போகிறேன்” என்று மல்செர்ப்பே முன்கூட்டிச் சொல்லி அனுப்பினாராம். இவ்வளவையும் ஒரே நாளில் எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தீதரோ தவிக்க, “என் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள், அங்கே யாரும் தேட மாட்டார்கள்” என்றாராம் மல்செர்ப்.

நல்ல மனசு மட்டும் காரணமில்லை. சுமார் 4,000 சந்தாதாரர்கள் இருந்தார்கள். பாரிஸில் நிறுத்தினால் அந்த வியாபாரம் வெளிநாட்டு அச்சகங்களுக்குப் போய்விடும். 1759இல் அனுமதியையே ரத்து செய்த பிறகும் வேலை நடந்தது, கண்டும் காணாமல் விட்டார்கள். கட்டுரைகள் அடங்கிய கடைசிப் பத்துத் தொகுதிகள் பாரிஸில் அச்சாகி, ‘நியூஷாடெல்’ (இன்றைய சுவிட்சர்லாந்து நகரம்) என்ற பொய் முகவரியோடு வெளிவந்தன.

நீங்கள் தேடும் கத்தரிக்கோல் அரசாங்கத்தில் மட்டும் இல்லை. பதிப்பாளர் லெ பிரெத்தோன் கையிலும் இருந்தது. பாஸ்டீல் சிறைக்குப் பயந்து, தீதரோ திருத்திக் கொடுத்த புரூஃபில் ஆபத்தான பத்திகளை அவருக்கே தெரியாமல் வெட்டினார். 1764இல், அச்சான பக்கங்களில் தன் கட்டுரை ஒன்றைப் புரட்டியபோதுதான் தீதரோவுக்கு விஷயம் தெரிந்தது. கொதித்துப்போய் ஒரு கடிதம் எழுதினார். ஆனாலும் வேலையை விடவில்லை. 11 படத் தொகுதிகளும் முடிய 1772 ஆனது.