ஏரித் தண்ணீரில் நுண்ணுயிரிகள் இருப்பது சரி. வெயிலே படாத நிலத்தடி நீரில் அவை எப்படி இருக்கும்?

இருக்கும், தாராளமாகவே. எண்ணிக்கைதான் குறைவு. ஒரு மில்லி ஏரி நீரில் சுமார் 10 லட்சம் பாக்டீரியா என்றால், நிலத்தடி நீரில் பெரும்பாலும் ஆயிரத்திலிருந்து ஒரு லட்சம் வரை. இதுவும் மிதப்பவற்றின் கணக்கு மட்டுமே. நிலத்தடியில் பெரும்பான்மை, மணல் துகள்களிலும் பாறை இடுக்குகளிலும் ஒட்டிக்கொண்டு வாழ்கிறது. தண்ணீரை மட்டும் மொண்டு வந்து எண்ணிவிட்டு "சுத்தமாக இருக்கிறது" என்று சொல்பவர்கள் மேல் எனக்கு நம்பிக்கை கிடையாது.

சாப்பாட்டுக்கு என்ன செய்யும் என்கிறீர்களா? மழைநீரோடு மண்ணிலிருந்து இறங்கும் கரிமப் பொருள் கொஞ்சம் உண்டு. மூச்சுக்கு முதலில் ஆக்சிஜன். அது தீர்ந்ததும் நைட்ரேட்டால் சுவாசிக்கும் கூட்டம் தலையெடுக்கும், பிறகு மாங்கனீஸ், இரும்பு, சல்பேட். எல்லாம் முடிந்த இடத்தில் மீத்தேன் தயாரிப்பவை. வங்காளப் படுகையின் குழாய்க் கிணறுகளில் ஆர்சனிக் என்ற நஞ்சு வந்த கதையில் இந்த இரும்புக் கூட்டத்துக்குப் பெரிய பங்குண்டு. வண்டல் மண்ணில் இரும்பு ஆக்சைடோடு ஆர்சனிக் பிணைந்து கிடந்தது. பாக்டீரியா இரும்பைக் கரைத்தபோது அதுவும் சேர்ந்து தண்ணீருக்குள் வந்துவிட்டது.

இதற்கு நேரெதிர் வேலை செய்வது காலியோனெல்லா என்ற பாக்டீரியா. கரைந்த இரும்பை ஆக்சிஜனோடு சேர்த்துத் துருவாக்கி, அதில் கிடைக்கும் ஆற்றலில் பிழைக்கிறது. குழாய்க் கிணறுகளில் படியும் செம்மஞ்சள் கொழகொழப்பில் ஒரு துளி எடுத்து நுண்ணோக்கியில் வைத்தால், முறுக்கிவிட்ட ரிப்பன்களாகத் துருக்காம்புகள் குவிந்து கிடக்கும். அவற்றைச் சுரந்த அவரைவிதை வடிவ செல்லைத்தான் தேட வேண்டியிருக்கும். எனக்குச் சலிக்காத காட்சி இது.

ஏரியிலும் இதே வரிசை உண்டு, சில மீட்டருக்குள் சுருங்கி. கோடையில் மேல்நீர் சூடாகி, கனமான குளிர்நீர் அடியில் தங்கிவிடும், இரண்டும் கலக்காது. அடியில் ஆக்சிஜன் தீர்ந்துபோகும். சுவிட்சர்லாந்தின் கடாக்னோ ஏரியில் இந்த அடுக்குகள் ஆண்டு முழுக்க நிலைத்திருக்கின்றன. ஏறக்குறைய 12 மீட்டர் ஆழத்தில் ஊதா கந்தக பாக்டீரியா திரண்டு நிற்பதால் அங்கே எடுக்கும் தண்ணீரே இளஞ்சிவப்பாக வரும்.

வெயிலையே நம்பாத உயிர் வேண்டுமென்றால், தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம் ஒன்றில் 2.8 கி.மீ. ஆழத்துப் பாறை விரிசல் நீரில் கிடைத்த டீசல்ஃபோருடிஸ் என்ற பாக்டீரியா. பாறையிலுள்ள யுரேனியத்தின் கதிர்வீச்சு தண்ணீரைப் பிளக்க, அதில் வரும் ஹைட்ரஜனை வைத்து அது வாழ்கிறது. அந்த நீரில் கிட்டத்தட்ட வேறு உயிரினமே இல்லை என்று 2008-இல் மரபணு ஆய்வு காட்டியது.

குடிக்கலாமா என்பது வேறு கேள்வி. நிலத்தடியைச் சொந்த வீடாகக் கொண்டவை பெரும்பாலும் நமக்குத் தீங்கு செய்யாதவை. பரிசோதனைக்கூடத்தில் ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியாவைத் தேடுவது, சாக்கடையோ மலமோ கலந்திருக்கிறதா என்று அறிய. அந்தச் சோதனைக்கு நல்ல மழை பெய்த பிறகு தண்ணீர் எடுங்கள், மேல்நீர் உள்ளே இறங்கும் நேரம் அதுதான்.